எண்பத்திரண்டு கிலோ

என் மனைவி குணசுந்தரியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன் முழுக்க ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவள் என்னை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாளாம். எல்லாம் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவின் வேலை. அந்த அம்மாள் காதில் விழுந்த எதுவும் வாய் வழியாக வெளியே வரும்போது இரண்டு மடங்காகத்தான் வரும். தூக்கப்பட்டவன் நான். எனக்குத் தெரியாதா என்ன நடந்தது என்று?

என் பெயர் ராஜப்பா. வயது அறுபத்தைந்து. கே.ஜி.எஃப். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவன். ஆட்களை கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஷாஃப்ட் குழிக்குள் இறக்குவதும், ஷிஃப்ட் முடிந்தால் மேலே தூக்குவதும் என் வேலை. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் இருபது வருஷம் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டியாக நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சலாம் போட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டன. வலது பக்கம் நன்றாக இருக்கிறது. வாய் அதைவிட நன்றாக இருக்கிறது என்பாள் குணசுந்தரி.

அவள் பேத்தமங்களாக்காரி. அந்த ஊர் ஏரித் தண்ணீர்தான் அப்போது எங்கள் குழாயில் வந்துகொண்டிருந்தது. பெண் பார்க்கப் போனபோது, "உங்க ஊரு தண்ணி எங்க வூட்டாண்டயே வருது, நீயும் வந்துடு" என்று என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும், "கொழாய்க்குப் போயி கொடத்தத் தூக்கிக்கினு வர்றது யாரு?" என்று கேட்டாள். அவள்தான். முப்பது வருஷம் தூக்கினாள். சுரங்கம் மூடியதும் அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைக்கப் போனாள். கொதிக்கிற சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க அங்கே அவளை விட்டால் ஆள் கிடையாது. எனக்கு வாதம் வந்த மறுநாள் அந்த வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அவள் தூக்குவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். குணசுந்தரி என்னை எப்போதும் வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் அந்த 'ங்க' கழன்று விழுந்துவிடும். அது விழுந்தால் நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

போன வருஷம் சிவராத்திரி கழிந்த மூன்றாம் நாள். குளிப்பாட்டி முடித்து என்னைக் கட்டிலில் ஏற்றும்போது அவள் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் சிமென்ட் தரையில் கிடந்தோம். அவளால் புரளக்கூட முடியவில்லை. எனக்கு இடுப்பில் துண்டு மட்டும். பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அப்படியே கிடந்தோம். கல்யாணமான நாளாக நாங்கள் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியதில்லை. அவள் சித்தி மகள் கல்யாணத்தில் நான் போட்ட சண்டை வரைக்கும் போய்விட்டோம். அப்புறம் பார்வதம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். "அய்யோ தேவுடா!" என்று அவள் போட்ட கூச்சலில் லைனில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். என்னை நாலு பேர் தூக்கினார்கள். துண்டைப் பிடிக்க ஐந்தாவதாக ஒருவன் தேவைப்பட்டான்.

சாயந்திரமே பெங்களூரிலிருந்து எங்கள் மகன் ரூபேஷ் வந்தான். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். மாரத்தஹள்ளியில் ஒரே ஒரு ரூம் வீடு. அதில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும்.

"பிராக்டிகலா யோசிம்மா. உனுக்கு முதுகு பூட்ச்சி. அப்பாவ யாரு தூக்கறது? ஹொஸ்கோட்டே பக்கத்துல ஒரு ஹோம் கீது, நல்லா பாத்துக்கறாங்க. நீ எங்களாண்ட வந்துடு."

அந்த இல்லத்தில் ஒரு ஹாலுக்கு ஆறு கிழவர்கள். இப்போது இடம் இல்லை, அடுத்த பொங்கல் வாக்கில் ஒரு கட்டில் காலியாகும் என்றார்களாம். கட்டில் எப்படிக் காலியாகும் என்று கேட்டேன். ரூபேஷ் என் போர்வையைச் சரிசெய்தான். பொங்கலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

குணசுந்தரியைப் பார்த்த டாக்டர் இனிமேல் ஒரு குடம்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் பாயில் கிடந்தாள். பார்வதம்மாவின் மருமகன்தான் வந்து என்னைத் தூக்கினான். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அவள் தேறவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், பாத்திரத்தில் களி அப்படியே இருக்கும். ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவளா பூட்டேன்."

மருந்துக் கடைக்குக் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தவளை சாராதான் பிடித்தாள். சாரா எங்கள் லைன் பெண், முப்பது வயது. காலேஜில் படித்த காலத்தில் வெயிட் தூக்கி மாநில அளவில் பரிசு வாங்கியவள். பழைய ஸ்டோர் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஜிம் நடத்துகிறாள். பகல் பத்தரை மணிக்குப் பெண்கள் மட்டும்.

"ஆன்ட்டி, முதுகு வீக்கா கீதுன்னு தூக்காமயே இருந்தா இன்னும் வீக்காத்தான் ஆவும். தூக்கறதுக்குக் கத்துக்கணும். நாளைக்கி வாங்க."

"இன்னாமா, எனுக்குத் தூக்கத் தெரியாதா? நாப்பது வருசமா தூக்கறேன்."

"நாப்பது வருசமா தப்பாத் தூக்கறீங்க."

இதைக் கேட்டு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சேலைக்குள்ளே ரூபேஷின் பழைய டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தேழு வயதில், சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த இடத்துக்கு என்ன வேலை? உண்ணாவிரதம் இருப்பேன் என்றேன். "சரி" என்று தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். பதினோரு மணிக்கு நானே மூடியை நகர்த்திச் சாப்பிட்டேன். இட்லி ஆறிப்போயிருந்தது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

முதல் மாதம் ஒரு துடைப்பக் கட்டையைத்தான் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு குனிவது, நிமிர்வது, குந்துவது, எழுவது. "இதுக்கா போற? நம்ம வூட்லயே ரெண்டு தொடப்பம் கீதே" என்றேன். அடுத்த மாதம் வெறும் கம்பி, இருபது கிலோ. அப்புறம் கம்பியின் இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகள். தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நேராக நிமிர்ந்து நிற்பதற்கு டெட் லிஃப்ட் என்று பெயராம். வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆடி பிறப்பதற்குள் முதுகு வலி போய்விட்டது. களியை இரண்டு உருண்டை சாப்பிட்டாள், கூட நாலு முட்டை. ஜிம்மிலிருந்து வந்தால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தாள். கேஸ் கொண்டுவருகிற ஆள் சிலிண்டரைத் தெருமுனையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிப் போவான். இவள் போய் அதை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். லைனில் யார் வீட்டு பீரோவை நகர்த்தவும் குணசுந்தரிக்கு ஆள் வந்தது. "ஒதவாதவ" என்ற சொல் அவள் வாயில் மறுபடியும் வரவில்லை.

சாரா ஒரு நாள் வீட்டுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள் எவ்ளோ வெயிட்டு?" யாருக்கும் தெரியவில்லை. நிற்க முடியாதவனை எந்த மெஷினில் நிறுத்துவது? மறுநாள் ஆட்டோவில் என்னையும் சக்கர நாற்காலியையும் போட்டுக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போனார்கள். அரிசி மண்டி வைத்திருக்கும் சீனிவாசன், மூட்டை நிறுக்கிற தராசுப் பலகையில் என்னை நாற்காலியோடு ஏற்றினார். தொண்ணூற்றேழு. நாற்காலி பதினைந்து. மனிதர் பழக்க தோஷத்தில், மூட்டைக்கு எழுதுகிற மாதிரி என் நாற்காலியின் முதுகில் சாக்பீஸால் 82 என்று எழுதிவிட்டார். அதோடு மார்க்கெட்டையே சுற்றி வந்திருக்கிறேன். பொன்னி பச்சரிசியா புழுங்கலா என்று ஒருத்தன் கேட்டான்.

குணசுந்தரி மட்டும் சிரிக்கவில்லை. வழியெல்லாம் "எம்பத்ரெண்டு, எம்பத்ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு வீட்டிலும் என்னை வைத்துப் பழக ஆரம்பித்தாள். சுரங்கத்தில் விளக்கு பாட்டரியை மாட்டிக்கொள்ளும் அகலமான தோல் பெல்ட் ஒன்று பரணில் கிடந்தது. அதை என் இடுப்பில் கட்டி, பிடித்துத் தூக்குவதற்குத் தோதாக்கிக்கொண்டாள். ஆனால் நான் தயாராவதற்குள் அவள் தூக்குவாள். அவள் தயாராவதற்குள் நான் சாய்வேன். நாலு நாளில் மூன்று தடவை மண்டை மோதிக்கொண்டோம். நான் வைண்டிங் டிரைவர் இல்லையா? பெல் அடிக்காமல் கேஜ் நகரக்கூடாது என்றேன். எங்கள் சுரங்கத்தில் ஒரு அடி என்றால் நில், இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் தூக்கு. கட்டிலின் இரும்புக் காலை எவர்சில்வர் ஸ்பூனால் தட்ட ஆரம்பித்தேன். மூன்று தட்டினால் தூக்குவாள், இரண்டு தட்டினால் இறக்குவாள். அன்றிலிருந்து ஒரு மோதல் கிடையாது.

மோதல் கிடையாதே தவிர, பழக்கம் அவளுக்கு எலும்பு வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் நான் கட்டிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவள் என் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். பார்வதம்மா வந்து கதவை மூன்று தடவை தட்டினாள். வாயில் சோற்றோடு நான் அந்தரத்தில் நின்றேன். "யாரு?" என்று கேட்டேன். பதிலுக்கு அந்த அம்மாள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினாள். தொப்பென்று கட்டிலில் வந்து விழுந்தேன்.

டிசம்பரில் கோலாரில் மாவட்ட அளவில் போட்டி. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்தவர்கள் மூன்று பேர். அதில் ஒரு அம்மாள் பேத்தி பிறந்துவிட்டது என்று வரவில்லை. "போனாலே ரெண்டாவது ப்ரைஸு, எதுக்கு இவ்ளோ கஷ்டம்?" என்றேன். வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில், முதல் வரிசையில் என் சக்கர நாற்காலியை நிறுத்தி, மடியில் தயிர்சாத டப்பாவை வைத்துவிட்டு, "சத்தம் போடாம சாப்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் குணசுந்தரி.

விதி எளிது. ஆளுக்கு மூன்று முறை. கம்பியைத் தூக்கி முழுசாக நிமிர்ந்து நிற்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிற நடுவர் கையை இறக்கி "டவுன்" என்று சொல்லும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் செல்லாது. அவள் முதலில் அறுபத்தைந்து தூக்கினாள். இரண்டாவது எழுபத்து நாலு. மாலூர்க்கார அம்மாள் எழுபத்தைந்தில் நின்றுகொண்டார். இவள் எழுபத்தாறு கேட்டால் போதும், முதல் பரிசு.

மைக்கில் கன்னடத்தில் சொன்னார்கள்: "குணசுந்தரி, கே.ஜி.எஃப்., எம்பத்தெரடு கிலோ."

சாரா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு ஸ்பூன் வாய்க்குப் போகவில்லை. அதுவரைக்கும் அவள் எண்பத்திரண்டைத் தூக்கியதே கிடையாது.

மேடைக்கு வந்தாள். கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்தாள். குனிந்து பிடித்தாள். கம்பி முதலில் அசையவே இல்லை. அப்புறம் அசைந்தது. முழங்கால் தாண்டியது. நிமிர்ந்துவிட்டாள்! தோள் பின்னால் போய், முழங்கால் நேராகி, சத்தியமாக நிமிர்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகம் கறுத்துச் சிவந்து, கழுத்து நரம்பு விரல் தண்டிக்குப் புடைத்திருந்தது. நடுவர் பாவி கையை இறக்கவே இல்லை. அய்யோ, இவள் முதுகு போய்விடும், இவள் விழுந்துவிடுவாள், எல்லாம் என்னால்தான் என்று எனக்குள் ஏதோ கத்தியது. என் கை என்னைக் கேட்கவில்லை. நாற்காலியின் இரும்புக் கையில் ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன்.

டங், டங்.

இறக்கிவிட்டாள்.

நடுவர் கை மேலேயே இருந்தது. மூன்று நடுவர்களும் சிவப்புக் கொடி காட்டினார்கள், செல்லாது. குணசுந்தரி கொடியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் தயிர்சாதத்தைப் பார்த்தேன்.

கோலாரிலிருந்து வீடு வரைக்கும் சாராதான் புலம்பிக்கொண்டு வந்தாள். "கோல்டு போச்சே ஆன்ட்டி, ஒரு செகண்டுல கோல்டு போச்சே." வீட்டு வாசலில் இறங்கும்போது, "வுடும்மா, நம்ம ஊர்ல பாக்காத தங்கமா?" என்று மட்டும் சொன்னாள் குணசுந்தரி. அப்பாடா, கோபமில்லை என்று நினைத்தேன். என்னைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுக் கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பையை வெளியே இழுத்தாள்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு வேட்டி, மூன்று பனியன், மருந்துச் சீட்டு, கண்ணாடி, என் சர்வீஸ் சர்டிஃபிகேட். தீபாவளி கழிந்ததும் பார்வதம்மாவைக் கெஞ்சிக் கட்டச் சொல்லி வைத்தது.

"இது இன்னா?"

"சும்மா."

"யாரு கட்னது?"

"பொங்கலுக்கு ரூபேஷு வந்தா அவசரப்படுத்துவான். அதான் முன்னாடியே..."

"எட்டு மாசமா நான் எதுக்குப் போய்த் தூக்கிக்கினு கீறேன்னு நெனச்ச நீ? ஒடம்பு அழவாவறதுக்கா?"

'ங்க' விழுந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் போர்வையும் இல்லை.

"நான் தாங்கிக்கினுதான் இருந்தேன். நல்லாத் தாங்கிக்கினு இருந்தேன். நீதான் தாங்கல. யாரக் கேட்டு பெல்லு அடிச்ச?"

"நீ விழுந்துடுவியோன்னு..."

"அன்னைக்கி வியுந்தேன். ஒரே ஒரு நாளு. அந்த ஒரு நாள வச்சே ரெண்டு பேரும் எனுக்குக் கணக்கு தீத்துட்டீங்க. நீயும் உன் புள்ளயும்."

பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினாள். என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கிச் சமையல் மேடைப் பக்கம் எறிந்தாள். "இனிமே பெல்லு கெடையாது. நான் தூக்கசொல்ல நீ நம்பி வரணும். அவ்ளோதான்." சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் கம்பி தூக்கப் போன ஒவ்வொரு நாளும் நான் இங்கே படுத்துக்கொண்டு, மனசால் அந்த ஹாலில் ஆறாவது கட்டிலுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தேன். அவளை ஒரு நாள்கூட நான் நம்பவில்லை.

போகி அன்று காலையில் ரூபேஷ் காரில் வந்தான். கையில் அந்த இல்லத்தின் விண்ணப்ப ஃபாரம், நிரப்பி, கையெழுத்துப் போட்டு.

"நான் பாத்துக்கறேன்டா. எங்கியும் அனுப்ப வேணாம்" என்றாள் குணசுந்தரி.

"போன்லயும் இதத்தான் சொல்ற. நான் இல்லன்னு சொல்லல. கட்டில்லருந்து சேருக்கு மாத்தறது ஓகேம்மா. தரையில வியுந்துட்டாரு, பக்கத்துல யாரும் இல்லன்னா இன்னா பண்ணுவ? அன்னைக்கி மாதிரி ரெண்டு மணி நேரம் கெடப்பீங்களா?" கேள்வியில் தப்பில்லை. அவன் குரல் உடைந்துபோயிருந்தது. "கெளம்பலாம்ப்பா" என்று என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்தான்.

"டேய், முதுக வளைக்காத. குந்து. முட்டிய மடக்குடா."

"சும்னிரும்மா, எனுக்குத் தெரியும்."

வில்லாக வளைந்து ஒரே இழுப்பாக இழுத்தான். 'கடக்' என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. "அம்மா!" என்று கத்தி அப்படியே கட்டிலில் சரிந்தான் பிள்ளை. நான் கட்டில் விளிம்பிலிருந்து மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தேன், அப்புறம் படுத்தேன். வாசலில் பார்வதம்மா ஏற்கெனவே வந்துவிட்டாள். "தேவுடா! நாலு ஆளக் கூப்புடறேன்" என்று திரும்பினாள். "சீக்கிரம் கூப்புடுங்க ஆன்ட்டி" என்று கட்டிலிலிருந்து முனகினான் ரூபேஷ்.

"ஒருத்தரும் வர வேணாம்" என்றாள் குணசுந்தரி. "பார்வதம்மா, வாய மூடிக்கினு அந்த நாக்காலிய இப்டிப் போட்டுப் புடி."

முந்தானையை இழுத்துச் செருகினாள். தோல் பெல்ட்டை என் இடுப்பில் சுற்றி இறுக்கினாள். என்னைப் புரட்டி உட்காரவைத்து, என் வலது காலை மடக்கி ஊன்றவைத்து, தன் முழங்காலால் என் இடது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். குந்தினாள். முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது. என் முகத்துக்கு நேரே அவள் முகம். "வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். 'ங்க'வோடு சொன்னாள்.

நான் என் வலது கையை அவள் தோளில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு போனேன். தரை என்னை விட்டது. என் காலும் கொஞ்சம் உதைத்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மிச்சமெல்லாம் அவள். கண்ணைத் திறந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நாற்காலி தயாராக இருந்தது. அவள் என்னை உட்காரவைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள், பத்து எண்ணும் அளவுக்கு. என் தோளுக்கு மேலாக மகனைப் பார்த்து, மூச்சு வாங்காமல் கேட்டாள்: "இன்னொருவாட்டி தூக்கிக் காட்டணுமா?"

ரூபேஷ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அதற்கே அவனுக்கு வலித்தது.

பொங்கலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன், என் கட்டிலில் மூன்று நாள் படுத்திருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்குக் கரும்பு கடித்துக் காட்டினேன். இரண்டாம் நாள் அவனே அந்த இல்லத்துக்குப் போன் செய்து, "இல்லைங்க, அப்பா வீட்லயே இருக்காரு. அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுங்க" என்றான். போனை வைத்துவிட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். நான்காம் நாள் அவன் கையில் குணசுந்தரி ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்தாள்.

மீதியைப் பார்வதம்மா பார்த்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் சாம்பியன் ரீப்ஸ் முழுக்கச் செய்தி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு கட்டில் உண்டு, அதில் ஒரு ஆள் உண்டு, அந்த ஆளைத் தூக்க முடியாமல் முதுகொடிந்த ஒரு பெண்ணும் உண்டு. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதலில் வந்தது நாலு வீடு தள்ளி இருக்கும் சம்பங்கி. அவள் புருஷன் மாணிக்கராஜ் என்னோடு சுரங்கத்தில் இருந்தவன், பாறையில் துளை போடுகிற மெஷின் ஓட்டியவன். இடுப்பெலும்பு முறிந்து அவனும் படுக்கை. நாலே நாலு வீடுதான் நடுவில். அவனும் வர முடியாது, நானும் போக முடியாது. நாங்கள் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் குணசுந்தரி வகுப்பு நடத்துகிறாள். முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் துடைப்பக் கட்டைதான். அப்புறம் சாரா கடன் கொடுக்கிற கம்பி. கம்பியில் தேறினவர்களுக்கு நான். ஆமாம், நான்தான் மூட்டை. இதுவரைக்கும் பதினோரு பெண்கள் என்னைத் தூக்கியிருக்கிறார்கள். "முட்டிய மடக்குமா", "பெல்ட்ட இன்னும் கீழப் புடி", "இன்னா, சோறு துன்னலியா?" என்று நானும் சொல்லிக்கொடுப்பேன். பேசுகிற மூட்டை வேண்டாம் என்று ஒருத்தி புகார் செய்தாள். குணசுந்தரி சொன்னாள்: "உன் மாமியாரு மட்டும் பேசாமயா வருவாங்க? இவராண்ட பழகிக்கோ." யாருக்கும் ஒன்றுக்கும் ஆகாமல் மூன்று வருஷம் கிடந்தவன் நான். இப்போது சனிக்கிழமையே முகச்சவரம் செய்துகொள்கிறேன்.

சம்பங்கிதான் ரொம்பக் கஷ்டப்பட்டாள். மொத்தமே நாற்பத்தெட்டு கிலோ இருப்பாள். எட்டு ஞாயிறு என்னைத் தூக்கப் பார்த்து எட்டு ஞாயிறும் முடியவில்லை. ஒன்பதாவது ஞாயிறு தூக்கிவிட்டாள். என்னை நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு, என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். குணசுந்தரி என்னை வாசலில் உட்காரவைத்துவிட்டு ஜிம்முக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாலு வீடு தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து, சம்பங்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாணிக்கராஜ் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெயில் கண்ணைக் கூசக் கையை வைத்து மறைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

"இன்னாடா ராஜப்பா," என்று அங்கிருந்தே கத்தினான், "நீ இன்னும் போவலியா?"

"எங்கடா போறது?" என்று நானும் கத்தினேன். "இவ வுட்டாத்தானே!"